தாடைக்கு அளவெடுக்கும் நேரம்

மூன்று நிமிடம் என்றாள் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு, மேல்பல்வரிசை முழுக்க ஒரு தட்டு, தட்டு நிறையக் குழைத்த இளஞ்சிவப்பு மாவு, அது இறுகும்வரை மூன்று நிமிடம் அசையாமல் சாய்ந்து கிடக்க வேண்டும். மூக்கால மூச்சு விடுங்கம்மா, குமட்டுச்சுன்னா கால் விரலை ஆட்டுங்க, பேசிடாதீங்க. ஆட்டுகிறேன். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னதில் வெறுங்கால், ஏ.சி. குளிரில் விரல்கள் எனக்குச் சம்பந்தமில்லாதவை போல ஆடுகின்றன. பேச வேண்டாம் என்று எனக்குத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேசுவதற்குத்தான் இவர் வந்திருக்கிறாரே. நர்ஸ் உட்காரும் சுழல் முக்காலியை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, என் கணவர், உடுமலைப்பேட்டை சென்னியப்பன், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர், என் குறட்டையைப் பற்றி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "குறட்டைன்னா உங்க ஊட்டு எங்க ஊட்டுக் குறட்டை இல்லீங் டாக்டர். விருந்தாடி வந்தவங்க காலையில எந்திரிச்சு, பக்கத்துல ரைஸ்மில்லு ஓடுதுங்களான்னு கேப்பாங்க." இதை நான் நூறு தடவை கேட்டாயிற்று. மகள் மேகலாவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். என் ஆபீசுக்கு ஒருமுறை வந்தபோது சார்பதிவாளரிடமே சொன்னார். அவர் சிரித்துவிட்டு, ஓ அதான் அம்மா மத்தியானம் தூங்கறாங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். டாக்டர் ரெஹானா சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் லேசாக விரித்தாள். மேகலா வயதுதான் இருக்கும். கையுறை போட்ட இரண்டு விரலால் தட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாவில் புதினா வாசனை போட்டிருக்கிறார்கள். புதினா என்று நினைத்ததும் தொண்டை மேலேறி வருகிறது. விரல், விரல், விரலை ஆட்டு வசந்தாமணி.

எதிர் மேசையில் பிளாஸ்டரில் செய்த ஒரு தாடை வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. அதற்கு, எனக்குச் செய்யப்போகிற கருவியை மாட்டி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி இரண்டு உறை, ஒன்று மேல்பல்லுக்கு, ஒன்று கீழ்ப்பல்லுக்கு. இரண்டையும் பக்கத்துக்கு ஒரு சின்னப் பட்டையால் இணைத்து, கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்துமாம். தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், நாக்கு தொண்டையில் சரியாது, மூச்சுப்பாதை அடைக்காது. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. முதலில் முகத்தில் மாட்டுகிற மிஷினைத்தான் கொடுத்தார்கள், இரண்டு மாதம் முயன்றேன், தூக்கத்தில் நானே பிய்த்து எறிந்துவிடுகிறேன். அதனால் இது. இரண்டு வாரத்தில் தயாராகிவிடும். தயாரானதும் நான் இவர் படுக்கும் அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. இருதய டாக்டர் இவரிடம், ராத்திரி அறையில் துணைக்கு ஆள் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார். ஆள் நான்தான், வேறு யார். ஆனால் ஆள் குறட்டை விடக் கூடாது, இவர் தூக்கம் கெடக் கூடாது, கெட்டால் இருதயத்துக்கு ஆகாது. ஆகவே என் வாய்க்கு ஒரு பூட்டு. தூக்கத்தில் என் மூச்சு நிற்கிறது என்பதற்காக என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். இவர் போன வாரமே கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார், தலையணை உறையைத் தானே துவைத்துப் போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் இவர் துவைத்த முதல் துணி அது. எனக்குப் போக விருப்பமில்லை. இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இப்போது மாவு இருப்பதால் சொல்லவில்லை, மாவு இல்லாதபோதும் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், மேகலா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன அதே வாரம், என் பாயும் தலையணையும் பின்னறைக்குப் போயின. அரிசி மூட்டை, கிரைண்டர், பழைய டி.வி., அப்புறம் நான். மனுசன் நாளைக்குக் கம்பத்துல ஏறோணும் வசந்தா, தூக்கம் இல்லாம ஏறுனா கரண்டுதான் தூக்கும் என்றார். நியாயம்தானே. நானே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன், அழக்கூட இல்லை, அப்போது எனக்கு வெட்கம்தான் இருந்தது. ஒரு பொம்பளை இப்படியா சத்தம் போட்டுத் தூங்குவாள் என்று அம்மா சின்ன வயதிலேயே வாயைப் பொத்திவிடுவாள். ஆனால் என் சத்தம் பாயோடு நிற்கவில்லை. சுவரைத் தாண்டிப் போயிற்று. அவர் கட்டிலின் தலைமாடும் என் தலைமாடும் ஒரே சுவர், ஒற்றைச் செங்கல் வைத்துக் கட்டின சுவர். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ சுவரில் தட்டினார், டொக் டொக் என்று. எழுந்து ஓடினேன், என்னங்க தண்ணி வேணுங்களா என்று. தண்ணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தட்டுனா திரும்பிப் படு, அவ்வளவுதான், எந்திரிச்சு வந்து லைட்டைப் போட்டு என் தூக்கத்த இன்னும் கெடுக்காத என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் தட்டினால் திரும்பிப் படுத்தேன். வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கம், இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம். முழுசாக விழிக்கக்கூட வேண்டியதில்லை, பழகிவிட்டது. சில நாள் நாலு தடவை, சில நாள் பத்துத் தடவை. வீட்டில் வேறு பேச்சு குறைந்து போயிற்று, சுவர் வழியாகப் பேசிக்கொண்டதுதான் அதிகம், அதிலும் அவர் மட்டும்தான் பேசினார். மேகலா லீவுக்கு வரும்போது மட்டும் பாயை எடுத்து மறைத்துவிட்டு ஹாலில் அவளோடு படுத்துக்கொள்வேன், அவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள். அக்கம்பக்கத்துக்கு இன்று வரை தெரியாது. பகலில் ஆபீசில் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும், பேனா ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு ஓரம் வரை போயிருக்கும். முப்பது வருஷ சர்வீஸில் அந்தக் கோடுதான் எனக்குக் கெட்ட பேர். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குகிறவள் பகலில் எப்படித் தூங்குவாள் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கொழுப்பு என்றார் இவர்.

"அவ்வளவுதாம்மா, மேல முடிஞ்சுது." சப்பென்று ஒரு சத்தத்தோடு தட்டைப் பிடுங்கினாள், பல்லே கூடப் போய்விட்டது போல் இருந்தது. வாய் கொப்பளித்துத் துப்பினேன், மாவுத் துணுக்குகள் இளஞ்சிவப்பாகப் போயின. இப்போது ஏதாவது சொல்லலாம். டாக்டர், எனக்கு இந்தக் கருவி வேணும், ஆனா அந்த ரூம் வேண்டாம் என்று சொல்லலாம். இவர் அதற்குள், "கீழ்ப்பல்லுக்கும் இதே மாதிரிதானுங்களா" என்று கேட்டார், ஆமா சார் என்று அவள் அடுத்த தட்டில் மாவை நிரப்பினாள், ஆ காட்டுங்கம்மா என்றாள், ஆ காட்டினேன். கீழ்த்தட்டு நாக்கை அமுக்குகிறது. நாக்கை மேல தூக்குங்க, இப்ப விடுங்க. இன்னொரு மூன்று நிமிடம். மேலே கூரையில் ஒரு டியூப் லைட், அதன் ஓரத்தில் செத்துப்போன ஈசல்கள். இவர் இப்போது ஆவணி மாதத்துக் கதைக்கு வந்துவிட்டார். வருவார் என்று தெரியும், எங்கே போனாலும் கடைசியில் அங்கேதான் வருவார். "இவ தூக்கத்தப் பத்திச் சொல்றேன் கேளுங்க. நெஞ்சு வலி வந்து நான் செவுத்தக் கையால இடிக்கறனுங்க, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை இல்ல, மூணு தடவை. பொணமாட்டத் தூங்கறா. கடசீல பெங்களூருல இருக்கற புள்ளைக்குப் போன் போட்டு, அவ இவளுக்குப் போன் போட்டு, அப்புறந்தான் எந்திரிச்சா."

பொணமாட்டத் தூங்கவில்லை. விழித்திருந்தேன். முதல் தட்டலிலேயே முழிப்பு வந்துவிட்டது. இதை மேகலாவிடம் சொல்லவில்லை, சாமியிடம் சொல்லவில்லை, என்னிடமே வார்த்தையாகச் சொல்லிக்கொண்டதில்லை, இப்போது வாய் நிறைய மாவோடு முதல் தடவை சொல்லிக்கொள்கிறேன். விடிகாலை, பால்காரர் இன்னும் வரவில்லை. டொக் டொக். திரும்பிப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், இந்த முறை கொஞ்சம் மெதுவாக. என்னடா இது, இப்போதுதானே திரும்பினேன், குறட்டைகூட விட்டிருக்க மாட்டேனே என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பினேன். மூன்றாவது தடவை தட்டல் இல்லை, சுவரில் எதையோ தேய்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பதினொரு வருஷத்துக் கோபமும் ஒரே நேரத்தில் வந்தது. தட்டு, தட்டு, எத்தனை வேண்டுமானாலும் தட்டு என்று தலையணையை வாயில் கவ்விக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்காமல், இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தட்டல் வித்தியாசமாக இருந்தது எனக்குத் தெரிந்ததா? தெரிந்தது. தெரியவில்லை. தெரிந்திருக்கலாம். எழுந்து பார்த்தால் திட்டுவார் என்று படுத்திருந்தேனா, இல்லை வேறு எதற்காவது படுத்திருந்தேனா? ஆஸ்பத்திரி பெஞ்சில் ஏழு நாள் உட்கார்ந்து இதையே சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரு முடிவும் கிடைக்கவில்லை. மேகலா போன் செய்தபோது மணி நாலே முக்கால். அம்மா, அப்பா அங்க சாகக் கெடக்கறாரு, நீ என்ன பண்ணிட்டு இருக்கே என்று கத்தினாள். தூங்கிட்டேன் கண்ணு என்றேன். அந்த ஒரு பொய்க்குத்தான் இப்போது இந்த நாற்காலி, இந்தத் தட்டு, ஜன்னலோரத்து இடம், துவைத்த உறை. பொய் சொன்னவள் போகத்தான் வேண்டும். போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க இவர் மூச்சை எண்ண வேண்டும்.

என் மூச்சை எண்ணினது மேகலா. அப்பாவைப் பார்க்க வந்தவள் பத்து நாள் என்னோடு பின்னறையில் படுத்தாள், அப்போதுதான் பாய் விஷயமே அவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். "குறட்டை இல்லம்மா இது. நீ குறட்டை விடறே, அப்புறம் ஒரேயடியா நின்னு போகுது. நான் எண்ணறேன், இருபது, முப்பது, மூச்சே இல்ல. அப்புறம் கெணத்துல இருந்து எந்திரிக்கற மாதிரி இழுக்கறே. பயமா இருக்கும்மா." அவள்தான் தூக்கப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்தாள். மணிக்கு இருபத்துநாலு தடவை நிற்கிறது என்று தாளில் வந்தது. இருபத்துநாலு தடவை நின்று இருபத்துநாலு தடவை திரும்ப ஓடியிருக்கிறது, இத்தனை வருஷம், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், அவன் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான். சத்தம் நின்ற நேரத்தில் அப்பாடா என்று தூங்கியிருப்பார்.

டாக்டர் ஒரு கையால் தட்டைப் பிடித்தபடி இன்னொரு கையால் ஒரு தாளை இவரிடம் நீட்டுகிறாள். கூடப் படுக்கறவங்க நிரப்ப வேண்டியது சார், கருவி போட்டப்புறம் இதோட ஒப்பிட்டுப் பாப்போம், பேஷன்ட்டுக்குத் தூக்கத்துல நடக்கறது தெரியாது இல்லீங்களா, நீங்கதான் சாட்சி. இவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் தலைக்கு மேலேயே தாளை வைத்து நிரப்புகிறார். பின்பக்கத்து எழுத்து வெளிச்சத்தில் எனக்குத் தெரிகிறது. ஒரே அறையில் உறங்குகிறீர்களா, ஆம், டிக். எத்தனை ஆண்டுகளாக, முப்பத்தொன்று. மூச்சு நிற்பதைக் கண்டதுண்டா, இல்லை, டிக். எவ்வளவு சரளமாகப் போடுகிறார். எங்கள் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யார் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், விற்கிறவனையும் தெரியாது வாங்குகிறவனையும் தெரியாது. நேரில் பார்த்தோம் என்று போடுவார்கள். நான் வாங்கிப் பதிந்துகொண்டே இருப்பேன். முப்பது வருஷம் பொய்ச் சாட்சியைப் பைல் பண்ணினவளுக்குச் சொந்தத்தில் ஒன்று வந்து வாய்த்திருக்கிறது. "ஏனுங் டாக்டர், இதப் போட்டதுக்கப்புறம் மறுபடியும் அந்த வயர் ஒட்டற டெஸ்ட்டு எதுக்குங்க? சத்தம் நின்னா போதாதுங்களா?" அவள் பொறுமையாகச் சொல்கிறாள். போதாது சார், சில பேருக்குக் கருவி போட்டா குறட்டை நின்னுரும், மூச்சு நிக்கறது மட்டும் நிக்காம தொடரும், வெளிய தெரியாது, அதான் ஆபத்து. ஓ, என்றார் இவர். எனக்கு விரலை ஆட்ட மறந்துவிட்டது. சத்தமும் இல்லாமல், இவர் பக்கத்திலேயே, ஜன்னலோரத்தில், இருபத்துநாலாவது தடவை நின்றது திரும்ப ஓடாமல் போனால், காலையில் காப்பி வராதபோதுதான் இவருக்குத் தெரியும். நல்லாத் தூங்கறா, கருவி நல்லா வேலை செய்யுது என்று புரண்டு படுத்துக்கொள்வார்.

கீழ்த்தட்டும் வந்தது. கடைசியாக ஒரு பட்டையைக் கடிக்கக் கொடுத்தாள். கீழ்த்தாடையை முன்னால தள்ளுங்கம்மா, இன்னும், இன்னும் கொஞ்சம், வலிச்சாச் சொல்லுங்க. சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி என் தாடை முன்னால் போய் நின்றது. அப்படியே நிறுத்தி, பல்லுக்கு நடுவில் நீலமாக எதையோ பீய்ச்சினாள். ஒரு நிமிடம். கன்னத்து மூட்டு வலித்தது. விசித்திரம், மூச்சு தாராளமாகப் போய் வந்தது. நெஞ்சு வரை குளிர்ச்சியாகப் போயிற்று. இவ்வளவு காற்றா இருந்தது, இது எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். எனக்காக வேண்டும், யார் பக்கத்திலும் படுப்பதற்காக இல்லை. எடுத்தாள். வாய் கொப்பளித்தேன். நாற்காலி மெல்ல நிமிர்ந்தது, இவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. டாக்டர் தாளை இவரிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு" என்றாள். "ராத்திரி யாராவது கூப்பிட்டா, தட்டுனா, அம்மாவுக்கு முழிப்பு வருமா?"

"அதான் சொன்னனே டாக்டர். இடி உழுந்தாலும்..."

"முழிப்பு வருமுங்க" என்றேன். குரல் கரகரவென்று வந்தது. "தட்டுனா முழிப்பு வந்துரும். எந்திரிக்க மாட்டேன், திரும்பிப் படுத்துக்குவேன். தட்டுனா திரும்பிப் படுக்கோணும்னு ஊட்டுல பழக்கம். அன்னைக்கும் திரும்பித்தான் படுத்தேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. முழிப்பு வரும் என்பதை மட்டும் எழுதிக்கொண்டாள். மாவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், கையை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று இருந்தது. இவர் கழுத்து நரம்பு ஒன்று துடித்தது, எனக்குப் பயமாகவும் இருந்தது, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. வாங்கிக்கொள்ளவில்லை.

"மூணு தடவையுமா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"மூணு தடவையும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டினதும் வரக் கூடாது என்று சொன்னது யார் என்று அவரும் யோசித்திருப்பார், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் திரும்பி வந்து, கீழே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார் என்று தாளை மறுபடியும் நீட்டினாள். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகவில்லை. மேலே போய், ஒரே அறையில் என்று இருந்த வரியில் நின்றார். ஆம் என்பதில் போட்டிருந்த டிக்கை ஒரு கோடு இழுத்து அடித்தார். இல்லை என்பதில் போட்டார். மூச்சு நிற்பதைக் கண்டதுண்டா என்ற வரிக்கு வந்து, அதையும் அடித்து, பக்கத்தில் தெரியாது என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு வந்திருக்கத்தான் வேண்டும்.

"அடிச்ச எடத்துக்கு நேரா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். "இல்லீன்னா செல்லாது."